வைர ரம்பம் இல்லாமல் கருங்கல்லை வெட்டியது எப்படி? அஸ்வான், தஞ்சை, மல்லச்சந்திரம் – பள்ளிக் கண்காட்சிக்கு விவரம் தேவை

கேள்வி: பெண்ணையாற்று_வாத்தியார் (கிருஷ்ணகிரி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் பழைய நாகரிகங்களின் கட்டடச் சாதனைகள் பற்றி ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கண்காட்சி வைக்கிறார்கள். தெர்மாகோலில் பிரமிடு வெட்டி, பெயர்ச்சீட்டு ஒட்டி, பக்கத்தில் ஒரு பிள்ளையை நிற்க வைத்து மனப்பாடம் ஒப்பிக்க விடுவதில் எனக்கு விருப்பம் இல்லை. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல் புதிதா என்ன? பல பேர் வீட்டில் யாராவது ஒருவர் குவாரியிலோ பாலிஷ் பட்டறையிலோ வேலை பார்க்கிறார். அதனால் கேள்வியும் நேராக வருகிறது: "வயர்சா, கம்ப்ரஸர் எதுவும் இல்லாம எப்படி சார் வெட்டினாங்க? கிரேன் இல்லாம எப்படி சார் தூக்கினாங்க?"

எனக்குத் தெளிவாக வேண்டியவை இவை. இரும்பே இல்லாத எகிப்தியர்கள் அஸ்வான் கிரானைட்டை எப்படி வெட்டினார்கள்? மர ஆப்பு அடித்துத் தண்ணீர் ஊற்றினால் பாறை பிளக்கும் என்று பாடநூல் துணைக்குறிப்புகளில் வருகிறதே, அதை எழுதலாமா? தஞ்சைப் பெரிய கோயில் உச்சியில் 80 டன் ஒற்றைக்கல், 6 கிலோமீட்டர் சாய்தளம் என்று பலகை வைக்கலாமா? நம் மல்லச்சந்திரம் கல்திட்டைகளின் (பலகைக்கற்களை நிறுத்தி மூடிய பழங்கால ஈமச்சின்னங்கள்) மூடுகல்லை எப்படி ஏற்றியிருப்பார்கள்? தருமபுரி கோட்டைக் கோயிலில் தரையைத் தொடாமல் இருக்கும் தொங்கும் தூணைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

கையால் செய்து காட்டக்கூடிய சோதனை ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். செலவு குறைவாக இருக்கட்டும்.

பதில்: ஆப்புக்குழி (பர்கூர்)

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். வெட்டுகிற விஷயத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எகிப்தியர் கிரானைட்டை வெட்டவில்லை, இடித்தார்கள். அஸ்வானில் பாதியில் விட்ட ஓர் ஒற்றைக்கல் தூபி (ஒபிலிஸ்க்) பாறையோடு ஒட்டியபடியே படுத்திருக்கிறது. நீளம் சுமார் 42 மீட்டர், முழுதாக எடுத்திருந்தால் எடை 1,000 டன்னுக்கு மேல். விரிசல் ஓடியதால் கைவிட்டார்கள். அதைச் சுற்றியுள்ள அகழியில் உளித்தழும்பே கிடையாது. வரிசை வரிசையாக வழவழப்பான குழிவுகள்தான். டோலரைட் உருண்டைகளால் குத்திக் குத்திப் பொடியாக்கியதன் தடம் அது. உருண்டைகள் அங்கேயே குவியலாகக் கிடந்தன. கையில் எடுத்து இடிக்கிற எடைதான், பெரும்பாலும் 4 முதல் 7 கிலோ. அகழியின் அகலம் சுமார் 75 சென்டிமீட்டர், அதாவது ஓர் ஆள் குந்திக்கொண்டு வேலை செய்கிற இடம். வேலை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மேற்பார்வையாளர் அகழிச் சுவரில் செங்காவிக் கோடு போட்டிருக்கிறார். மேல்தோல் நொந்துபோகட்டும் என்று நெருப்பு மூட்டிய தடயமும் அஸ்வானில் உண்டு.

இந்த டோலரைட் பிள்ளைகளுக்குத் தெரிந்த கல்தான். நம் பக்கம் பிளாக் கிரானைட் என்று ஏற்றுமதியாகும் கருப்புக் கல்லில் பெரும்பகுதி டோலரைட் வகை. அது ரொம்பக் கெட்டி என்பதைவிட, சுலபமாகத் தெறிக்காது என்பதுதான் விஷயம். கிரானைட்டில் குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் மணிகள் பெரிது பெரிதாக இருக்கும். அடிக்க அடிக்க மணிக்கும் மணிக்கும் இடையிலான பிடிப்பு விட்டுப் பொடிந்துவிடும். டோலரைட்டில் மணி பொடியாக, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். அடியைத் தாங்கிக்கொள்ளும்.

1920களில் எங்கல்பாக் என்ற பொறியாளர் இதைத் தானே இடித்துப் பார்த்தார். ஒரு மணி நேர வேலைக்குச் சில மில்லிமீட்டர்தான் இறங்கியது. அது போதும். 100 பேர் சுற்றிலும் உட்கார்ந்து இடித்தால் மாதக்கணக்கில் முடிகிற வேலை. இதில் மாயம் எதுவும் இல்லை, கூலியும் சாப்பாடும் நிர்வாகமும்தான் இருக்கின்றன.

அறுக்கும் வேலைக்குச் செம்புத் தகடு. பல் கிடையாது. தகட்டுக்கு அடியில் குவார்ட்ஸ் மணல் போட்டு முன்னும் பின்னும் இழுத்தார்கள். மணல்தான் அறுக்கிறது, செம்பு அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. பட்டறையில் கல்லை அறுக்கும் கேங்சா என்ற பெரிய ரம்ப எந்திரம் ஓடுவதைப் பார்த்த பிள்ளைக்கு இது உடனே புரியும். அதிலும் பிளேடில் பல் இல்லை. எஃகுத் துகளும் சுண்ணாம்பும் தண்ணீரும் கலந்து மேலிருந்து ஊற்றுகிற குழம்புதான் பிளாக்கை அறுக்கிறது. 4,500 வருடம் முன்னால், கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய மன்னன் கூஃபுவின் கல் சவப்பெட்டியை அறுத்ததும் இதே தத்துவம். செம்பு படுவேகமாகத் தேயும், அதனால் எல்லாக் கல்லையும் இப்படி அறுக்க முடியாது. பெட்டி, மூடி, மட்டப்பலகை மாதிரி அளவு தப்பக்கூடாத இடத்துக்கு மட்டும் இந்த வழி.

மர ஆப்பு விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் குடித்த மரம் உப்பும், மென்பாறையை அது பிளக்கவும் செய்யும். ஆனால் அஸ்வானில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிற ஆப்புக்குழி வரிசைகள் பெரும்பாலும் தாலமி என்ற கிரேக்க வம்சத்தார், ரோமானியர் காலத்தவை. இரும்பு ஆப்பு வந்த பிறகு போட்டவை. பிரமிடுக் காலத்துப் பலகையில் அவற்றை வைக்காதீர்கள்.

இரும்பு ஆப்பு முறையை நம் ஊர்க் குவாரியில் கையால் கல் பிளக்கிற யாரையும் கேட்டால் சொல்வார்கள். இருந்தாலும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் தஞ்சைக் கல்லும் மாமல்லபுரத்தில் பாதியில் நிற்கும் பாறைகளும் இந்த வழியில்தான் பிளக்கப்பட்டன. முதலில் கல் எந்தத் திசையில் சுலபமாகப் பிளக்கும் என்று பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்து நைஸ் (gneiss) என்ற பாறை வகையில் வரி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கோடு அடித்து, அதன்மேல் 4 முதல் 6 அங்குலத்துக்கு ஒரு குழி. வாய் ஒன்றரை அங்குலம், ஆழம் 3 அங்குலம். குழியின் அடிப்பாகம் குறுகலாக இருக்க வேண்டும், ஆனால் ஆப்பின் நுனி அடியைத் தொடவே கூடாது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நுனி அடியில் இடித்தால் அடித்த அடியெல்லாம் கீழே போய்விடும், வாய்ப்பகுதி சில்லுச் சில்லாகத் தெறிக்கும், கல் பிளக்காது. ஆப்பு இரண்டு பக்கச் சுவரைத்தான் தள்ள வேண்டும்.

எல்லா ஆப்பையும் செருகிய பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஆப்புக்கு ஓர் அடி. திரும்ப முதலிலிருந்து. ஒரே ஆப்பைப் போட்டு மொத்தினால் விரிசல் கோட்டை விட்டு ஓடிவிடும். நாலைந்து சுற்றுக்குள் ஆப்பின் சத்தம் மாறும். அப்போது அடிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், விரிசல் தானாகவே இறங்கும். அவசரக்காரன் அடித்துக்கொண்டே இருப்பான், கல் மூலையில் உடையும். குழிகளின் ஆழம் ஒன்றுக்கொன்று வித்தியாசப்பட்டாலும் இதே கதிதான்.

இன்னொன்று. கிரானைட்டில் இரும்பு உளி அரை நாள்கூடக் கூர் நிற்காது. உலையில் காய்ச்சி, தட்டி, நீர் தோய்த்துப் பதம் ஏற்ற வேண்டும். பதம் கூடினால் நுனி ஒடியும், குறைந்தால் மழுங்கும். ஆகவே சோழர் கட்டடத்துக்குச் சிற்பி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கொல்லன். கண்காட்சியில் ஓர் உலைக்களப் படமும் இருக்கட்டும். நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்ற காலக்கணிப்பு 2022இல் அறிவிக்கப்பட்டது. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இதைப் போடுங்கள்.

இடிப்பதைச் செய்து காட்டப் போகிறீர்கள் என்றால், பாலிஷ் பட்டறைக் கழிவில் கருப்புக் கல் துண்டு கேட்டு வாங்குங்கள். 2 கிலோ போதும். கீழே பாரடைசோ என்ற வண்ணக் கிரானைட் துண்டு ஒன்று. தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் இடிக்க வேண்டும், கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். கல்தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. பட்டறைகளில் இதை அலட்சியம் செய்து இருமிக்கொண்டிருப்பவர்கள் போதும், பிள்ளைகளுக்கு வேண்டாம்.

பதில்: உத்தரமும்_போதிகையும் (தருமபுரி)

தஞ்சையிலிருந்து தொடங்குகிறேன். 80 டன் ஒற்றைக்கல் என்று பலகை வைக்காதீர்கள் சார். விமானத்தின் சிகரம் பல கற்களைச் சேர்த்து எண்பட்டையாகப் பொருத்தியது. ஒரே கல் இல்லை. உச்சியில் ஒற்றைக்கல் இல்லை என்றாலே 6 கிலோமீட்டர் சாய்தளத்துக்குத் தேவை போய்விடுகிறது.

அப்படியும் விடாமல் கேட்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள், பத்தாம் வகுப்புக் கணக்குதான். 60 மீட்டர் உயரத்துக்கு 6 கிலோமீட்டர் மண் சாய்தளம். மேல் அகலம் 6 மீட்டர், பக்கச் சரிவு ஒன்றுக்கு ஒன்று என்று வையுங்கள் (உண்மையில் மண் அவ்வளவு செங்குத்தாக நிற்காது, இன்னும் அகலமாகச் சரியும்). வருகிற மண் சுமார் 82 லட்சம் கன மீட்டர். கீசாவின் பெரிய பிரமிடே மொத்தம் 26 லட்சம் கன மீட்டர்தான். கோயிலைக் கட்ட மூன்று பிரமிடு அளவுக்கு மண் கொட்டி, பிறகு அதை அள்ளியும் போட்டார்கள் என்றால் ராஜராஜனே சிரிப்பார். அதே சாய்தளத்தைப் பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் போட்டால் 600 மீட்டர் நீளம், 8 லட்சத்துச் சொச்சம் கன மீட்டர். கட்டடத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றி ஏறினால் அதைவிடவும் குறையும்.

அந்தக் கோயிலில் வியக்க வேண்டிய இடம் வேறு. 1010இல் முடித்த கட்டடம், சுமார் 30 மீட்டர் சதுர அடித்தளத்தின் மேல் 13 நிலைகளோடு சுமார் 60 மீட்டர் எழும்புகிறது. தஞ்சையைச் சுற்றி வண்டல் மண்தான், பாறை கிடையாது. கல் முழுக்கப் புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்திலிருந்து வர வேண்டும். இருந்தும் உள்ளே திணித்துக் கட்டவில்லை. கருவறையைச் சுற்றி இரட்டைச் சுவர், இடையில் சுற்றுப்பாதை. மேலே போகப்போக இரண்டும் சேர்ந்து, ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்ளே நீட்டி, கூடாகவே குவிந்து முடிகிறது. கல்லும் மிச்சம், அடிமண்ணுக்குப் பாரமும் மிச்சம். நிழல் தரையில் விழாது என்பதும் கதைதான், விழும். சாயங்காலம் போய்ப் பாருங்கள்.

சரி, தொங்கும் தூண். இதற்கு முதலில் கல் உத்தரம் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அது புரிந்துவிட்டால் ஆயிரங்கால் மண்டபம் ஏன் ஆயிரங்காலாக இருக்கிறது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.

கிரானைட்டை அமுக்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,500 கிலோ வரை சர்வசாதாரணமாகத் தாங்கும். வளைத்தால் 100 கிலோ அளவிலேயே உடையும். உத்தரம் வளைகிற உறுப்பு. அடிப்பக்கம் இழுபடுகிறது, அங்கேதான் விரிசல் பிறக்கிறது. 40க்கு 40 சென்டிமீட்டர் உத்தரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 3 மீட்டர் அகலத்துக்கு 20 சென்டிமீட்டர் கல்பலகைக் கூரை, அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் செங்கல் சுண்ணாம்புத் தளம். சொந்த எடையையும் சேர்த்தால் மீட்டருக்குச் சுமார் 3.65 டன். தூணுக்குத் தூண் 3 மீட்டர் என்றால் உத்தரத்தின் அடியில் வரும் இழுப்பு சுமார் 38 கிலோ. நிற்கும். அதே உத்தரத்தை 5 மீட்டருக்கு நீட்டினால் 107 கிலோ. உடையும். இடைவெளி ஒன்றே முக்கால் மடங்குகூட ஆகவில்லை, இழுப்பு மூன்று மடங்கை நெருங்குகிறது. இடைவெளியின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதுதான் காரணம்.

போதிகை வைத்தது அலங்காரத்துக்கு அல்ல. தூணின் தலையில் இரண்டு பக்கமும் 40 சென்டிமீட்டர் நீட்டினால் 3 மீட்டர் இடைவெளி 2.2 ஆகிறது. வர்க்கக் கணக்குப்படி இழுப்பு கிட்டத்தட்டப் பாதி. நுனியில் தொங்குகிற வாழைப்பூ மொட்டு பின்னால் வந்த அழகு. வேலை பார்ப்பது அந்த நீட்டல்.

கீசாவின் பெரிய பிரமிடில் ராஜா அறை 5.2 மீட்டர் அகலம். மேலே அஸ்வான் கிரானைட் உத்தரங்கள். 800 கிலோமீட்டருக்கு மேல் ஆற்றில் வந்தவை. இடைவெளி அதிகம் என்பதால் உத்தரங்களை ஆளுயரத் தடிமனுக்கு வைத்தார்கள். அப்படியும் தென்பக்கத்தில் விரிசல் விட்டிருக்கிறது. அறைக்கு மேலே ஐந்து அடுக்கு வெற்றிடம், அதன் உச்சியில் கூரைபோலச் சாய்ந்த சுண்ணாம்புக்கல் ஜோடி என்று வைத்துச் சுமையைப் பக்கவாட்டில் திருப்பியதும் சேர்ந்ததால்தான் இன்றும் நிற்கிறது.

இப்போது தருமபுரிக்கு வருவோம். தூணில் உண்மையில் எவ்வளவு பாரம் இருக்கிறது? 3 மீட்டர் கட்டத்துக்கு ஒரு தூண் என்றால் 11 டன். 40 சென்டிமீட்டர் சதுரத் தூணில் அது சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 7 கிலோ. 1,500 தாங்குகிற கல்லுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் தூண் தரையைத் தொடாவிட்டால் அந்த 7 கிலோவும் கீழே இறங்க வழியில்லை. அப்படியானால் பாரம் வேறு தூண்களுக்குப் போயிருக்க வேண்டும்.

பிள்ளைகளைக் கூட்டிப் போனால் எல்லாரும் கீழே குனிந்து காகிதத்தை நுழைத்துப் பார்ப்பார்கள். அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். உத்தரத்துக்கும் உத்தரத்துக்கும் இணைப்பு எங்கே இருக்கிறது? வழக்கமாக இணைப்பு தூணின் தலைக்கு மேலே வரும். ஒரு தூணின் மேல் இணைப்பு இருந்தால் அந்தத் தூண் ஏதாவது ஒரு மூலையிலாவது பாரம் தாங்கித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு உத்தரங்களும் விழுந்திருக்கும். உத்தரம் இணைப்பு இல்லாமல் தொடர்ந்து ஓடினால் அந்தத் தூண் கட்டமைப்புக்கு உபரி. உபரித் தூண் தொங்க வேண்டுமானால் தலையில் துருத்தி நிற்கும் முளையான குடுமி போதிகைத் துளைக்குள் இறுகப் பிடித்திருக்க வேண்டும். இரண்டரை மீட்டர் உயரம், 35 சென்டிமீட்டர் சதுரம் என்று கொண்டாலே தூண் முக்கால் டன்னுக்கு மேல். வெறுமனே செருகிய குடுமி அதைத் தாங்காது. எப்படிப் பார்த்தாலும் பெருமை அந்தத் தொங்குகிற தூணுக்கு அல்ல, தொங்க விட்டுவிட்டு மிச்சப் பாரத்தைச் சுமக்கிற மற்றத் தூண்களுக்கு.

காகிதம் சரி. குச்சி, கம்பி எதையும் நுழைத்துத் தூணை அசைத்துப் பார்க்க விடாதீர்கள்.

பதில்: அதியமான்_கோட்டையான்

கணக்கெல்லாம் சரிதான் அண்ணா. ஆனால் அந்த 6 கிலோமீட்டர் சாய்தளம் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து தொடங்கியது என்கிற கதையை ஒரேயடியாகத் தூக்கிப் போட்டால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். "மக்கள் சொல்லும் கதை" என்று ஒரு பலகை, பக்கத்திலேயே உங்கள் 82 லட்சம் கன மீட்டர் கணக்கு. பார்க்கிறவர்களே முடிவு பண்ணட்டும்.

பதில்: உத்தரமும்_போதிகையும் (தருமபுரி)

நல்ல யோசனை. லோடு கணக்கும் சேர்த்து எழுதுங்கள். டிப்பருக்கு 10 கன மீட்டர் வீதம் 8 லட்சம் லோடு. லாரி ஓட்டுகிற அப்பாக்களுக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

பதில்: இடுதுளை (ஓசூர்)

மல்லச்சந்திரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. கண்காட்சியில் பிரமிடுக்குக் கொடுக்கிற மேசை அளவுக்கு இதற்கும் கொடுங்கள். நெடுஞ்சாலையில் சாமல்பள்ளம் போய் அங்கிருந்து மலையேறினால் பிள்ளைகள் கையால் தொட்டே பார்க்கலாம்.

அங்கே கவனிக்க வேண்டியது கல்லை எடுத்த விதம். கல்திட்டைகள் நிற்பது வெறும் பாறை மலையின் மேல். அப்படிப்பட்ட குன்றுகளில் பாறை வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாகத்தான் கிடக்கும். மேலே இருந்த பாரம் பல லட்சம் ஆண்டுகளில் அரித்துப் போனதால் பாறை விரிந்து, மேற்பரப்புக்கு இணையாகப் பிளவு விட்டிருக்கும். அந்தப் பிளவில் நெம்பினாலே பலகைக்கல் வரும். வராத இடத்தில் விறகை அடுக்கி எரிப்பார்கள். ஒரே இடத்தில் கொழுந்து விட்டு எரிய விட்டால் காரியம் கெடும், கல் துண்டு துண்டாகத் தெறிக்கும். நெருப்பை ஒரு கோடாக வைத்து மெதுவாக முன்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். நெருப்புக்கு முன்னால் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று சத்தம் கேட்டால் ஏடு கிளம்பிவிட்டது, கணீரென்றால் இன்னும் ஒட்டியிருக்கிறது. பெங்களூரு வட்டாரக் குவாரிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இப்படித்தான் பெரிய பெரிய பலகைகளை எடுத்தார்கள். ஓசூர்ப் பக்கம் தோட்டத்து வேலிக்கு நட்டிருக்கும் கல்தூண்களைப் பார்த்தாலே இந்தக் கல்லின் குணம் தெரியும்.

அடுத்து, நான்கு சுவர்ப் பலகைகளை நிறுத்தும் விதம். பல கல்திட்டைகளில் பலகைகள் மூலையில் முட்டி நிற்பதில்லை. ஒவ்வொன்றின் ஒரு முனை அடுத்த பலகையைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் சுழலும் சக்கர வடிவம். ஒரு பலகை உள்ளே சாயப் பார்த்தால் அடுத்தது தடுக்கும், அதை அதற்கடுத்தது தடுக்கும். வெளியே சாயாமல் இருக்கச் சுற்றிலும் கல்லோ மண்ணோ அணை கொடுப்பார்கள். சாந்தும் இல்லை, பள்ளம் தோண்டப் பாறையும் விடாது. அப்படியும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிற்கிறது. அட்டையில் வெட்டி இரண்டு விதமாகவும் நிறுத்தி, பக்கவாட்டில் விரலால் தள்ளிக் காட்டினால் போதும். முட்டி நிற்பது விழும், பூட்டி நிற்பது நிற்கும்.

மூடுகல்: இரண்டரை மீட்டருக்கு 2 மீட்டர், 15 சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால் 2 டன். உலர்ந்த தரையில் நேராக இழுக்க 1.2 டன் இழுப்பு வேண்டும். ஓர் ஆள் விடாமல் இழுப்பது 30 கிலோ என்று கொண்டால் 40 பேர். உருளைக் கட்டை போட்டால் இதில் பாதிகூட வேண்டாம், ஆனால் மேடுபள்ளப் பாறையில் உருளை ஓடாது. சுவர்ப் பலகை உயரத்துக்கு ஒரு பக்கம் மண்ணும் கல்லும் கொட்டிச் சாய்வு போட்டு, உள்ளறையையும் மண்ணால் நிரப்பிவிட வேண்டும். நிரப்பாவிட்டால் மூடுகல் விளிம்பில் ஏறும்போதே சுவர்ப் பலகை உள்ளே சாய்ந்துவிடும். மூடுகல் உட்கார்ந்த பிறகு, சுவர்ப் பலகையில் விட்டிருக்கும் வட்டத் துளையான இடுதுளை வழியாக மண்ணை வாரி எடுத்துவிடலாம்.

பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்று ஊரார் சொல்வதைப் பலகையில் போட்டால் தப்பில்லை. ஆனால் இவை ஈமச்சின்னங்கள் என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். மேலே ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம் என்பதும்.

பதில்: சுண்ணாம்புக்காளவாய் (பாலக்கோடு)

எல்லாரும் கல்லையே பிடித்துத் தொங்கினால் எப்படி? கல்லே கிடைக்காத ஊரிலும் மனிதர்கள் கட்டினார்கள். எனக்கு அதுதான் பெரிய வேலையாகப் படுகிறது.

மொகஞ்சதாரோவில் செங்கல்லின் தடிமன், அகலம், நீளம் 1:2:4. நீளம் அகலத்துக்குச் சரியாக இரண்டு மடங்கு என்பதால் ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்கில் என்று மாற்றி வைத்தால் நேர்மூட்டு ஒன்றன் மேல் ஒன்றாக விழாது. நம் ஊர்ச் சூளைக் கல் 9, நாலரை, 3 அங்குலம். நீளத்துக்கும் அகலத்துக்கும் இன்றும் அதே இரண்டு மடங்குதான். அங்குள்ள பெருங்குளம் சுமார் 12க்கு 7 மீட்டர், ஆழம் 2.4. செங்கல்லை நெருக்கி ஜிப்சச் சாந்தில் கட்டி, சுவருக்குப் பின்னால் தார்ப்பூச்சு கொடுத்துத் தண்ணீரை நிறுத்தினார்கள். வடிகாலுக்கு மேல் வளைவு கிடையாது, செங்கல்லைப் படிப்படியாக உள்ளே நீட்டி மூடிய முக்கோணக் கூரை. தஞ்சை விமானத்துக் கூட்டில் நண்பர் சொன்ன அதே உத்தி.

ரோமில் பாந்தியன் கோயில். பேரரசர் ஹாட்ரியன் காலத்தது, கி.பி. 126 வாக்கில் முடிந்தது. 43.3 மீட்டர் குறுக்களவு கொண்ட கான்கிரீட் குவிமாடம், உள்ளே ஒரு கம்பிகூட இல்லை. கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடத்தில் இன்றுவரை அதைவிடப் பெரியது கிடையாது. ஜல்லியை மாற்றிக்கொண்டே போனதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கீழே கனமான கல், நடுவில் செங்கல் உடைசல், உச்சியில் பியூமிஸ் என்ற எரிமலை நுரைக்கல். தடிமன் அடியில் 6 மீட்டருக்கு மேல், உச்சியில் 1.2. நட்டநடுவே 9 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு திறப்பு விட்டு, இருப்பதிலேயே ஆபத்தான இடத்துப் பாரத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். மழை உள்ளே விழும். தரையில் வடிகால் துளை உண்டு.

சிமென்ட் இல்லாமல் அது இறுகியது எரிமலைச் சாம்பலால். சுண்ணாம்போடு சேர்ந்தால் தண்ணீருக்குள்ளேயே இறுகும். நமக்கு எரிமலை இல்லை, அதனால் செங்கல்லைப் பொடித்துச் சுர்க்கி என்று சேர்த்தோம். வேலை அதேதான். கண்காட்சிக்கு இரண்டு வில்லை போடுங்கள். ஒன்றில் ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, 3 பங்கு மணல். மற்றதில் ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு சலித்த செங்கல் பொடி, 2 பங்கு மணல். ஈரச்சாக்கு போட்டு மூன்று வாரம் வைத்துவிட்டுத் தண்ணீர் வாளியில் போடுங்கள். முதல் வில்லை கரையத் தொடங்கும், இரண்டாவது நிற்கும். செங்கல் குறைந்த சூட்டில் வெந்ததாக இருக்கட்டும். கருகிப்போன கல்லின் பொடி சுண்ணாம்போடு சேராது, வெறும் மணலாகத்தான் கிடக்கும். கைக்கு உறை வேண்டும், சுட்ட சுண்ணாம்பைப் பிள்ளைகள் நீற்றக் கூடாது. நீற்றியதையே வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்: பெண்ணையாற்று_வாத்தியார்

நன்றி ஐயா, எல்லோருக்கும். தொங்கும் தூணுக்கு அண்ணாந்து பார்க்கச் சொன்னது எனக்கே புதிது. சாந்து வில்லையை இந்த வாரமே போட்டுவிடுகிறோம். இழுப்பதற்கு ஒரு சோதனை வேண்டும். எகிப்தில் மணலில் தண்ணீர் ஊற்றி இழுத்தார்கள் என்கிறார்களே, அதைப் பள்ளியில் காட்ட முடியுமா? அப்படியே அந்தச் செங்கல் நீட்டலையும்.

பதில்: உத்தரமும்_போதிகையும் (தருமபுரி)

இரண்டுமே முடியும் சார்.

மணலுக்கு ஆதாரமே இருக்கிறது. ஜெகுதிகோத்தப் என்ற அதிகாரியின் கல்லறை ஓவியத்தில், சறுக்குக் கட்டையின் மேல் ஒரு பெரிய சிலையை 172 பேர் இழுக்கிறார்கள். கட்டையின் முன்னால் நிற்கிற ஆள் மணலில் எதையோ ஊற்றுகிறார். வெகுகாலம் அதைச் சடங்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்ததில், சரியான ஈரத்தில் இழுப்பு சுமார் பாதியாகக் குறைந்தது. உலர்ந்த மணல் கட்டையின் முன்னால் குவிந்து தடுக்கும். ஈர மணலில் மணிக்கு மணி தண்ணீர் பாலம் போல ஒட்டிப் பிடிப்பதால் தரை கெட்டியாகி, குவிவது நின்றுவிடும்.

60க்கு 30 சென்டிமீட்டர் தட்டு, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல். சுமார் 14 கிலோ பிடிக்கும். ஆற்றுமணலைச் சலித்து வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். எம்சாண்ட் வேண்டாம், அதில் உள்ள கல்தூசி தண்ணீர் பட்டால் சேறாகிவிடும். சறுக்குக்கட்டைக்கு 15க்கு 10 சென்டிமீட்டர் பலகை, மேலே 2 கிலோ எடைக்கல். முன் விளிம்பை வளைத்துச் சீவாதீர்கள், மட்டமாகவே இருக்கட்டும். வளைத்தால் மணல் குவியாது, வித்தியாசமும் தெரியாது. கயிற்றில் 5 கிலோ ஸ்பிரிங் தராசை மாட்டி, ஒரே வேகத்தில், தரைக்கு இணையாக இழுக்க வேண்டும். கிளம்பும்போது முள் எகிறும். அதை எழுதக் கூடாது, ஓடும்போது காட்டுவதைத்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு ஈரத்துக்கும் ஐந்து முறை இழுத்துச் சராசரி எடுங்கள்.

முதலில் உலர் மணல். பிறகு 280 மில்லி தண்ணீர், அதாவது 2 சதவீதம். அடுத்து மொத்தம் 700 மில்லி, 5 சதவீதம். கடைசியாக 1.4 லிட்டர். ஒவ்வொரு முறையும் மணலைக் கொட்டிக் கையால் பிசைந்து கலந்து, திரும்பப் பரப்பி, பலகையால் ஒரே மாதிரி அழுத்த வேண்டும். மேலே தெளித்துவிட்டு இழுத்தால் மேல்தோல் மட்டும் நனைந்து, கட்டை அதைப் பெயர்த்துக்கொண்டு போகும். 5 சதவீதம் வாக்கில் முள் இருப்பதிலேயே கீழே நிற்க வேண்டும். 10இல் மறுபடி ஏறும், ஏனென்றால் இடைவெளிகளில் தண்ணீர் நிரம்பத் தொடங்கியதும் அந்த ஒட்டும் பிடிப்பு குறைகிறது. ஏறாவிட்டால் தட்டில் எங்கோ ஓட்டை இருக்கிறது, தண்ணீர் வடிந்துவிட்டது என்று பாருங்கள்.

செங்கல்லுக்கு 9 அங்குலக் கல் ஐந்து. கணக்குப்படி மேல்கல் நாலரை அங்குலமும், அடுத்தது இரண்டேகாலும், அதற்கடுத்தது ஒன்றரையும், நான்காவது ஒன்றும் சொச்சமும் நீட்டலாம். மொத்தம் 9 அங்குலத்தைத் தாண்டும், மேல்கல் முழுவதும் அடிக்கல்லுக்கு வெளியே நிற்கும். சூளைக் கல் சமமாக இராது, அதனால் ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் குறைத்தே வையுங்கள். பிறகு அதே அடுக்கின் பின்பக்க வாலில் ஒரு கல்லைப் பாரமாக ஏற்றிவிட்டு, முன்னால் இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மொகஞ்சதாரோ வடிகாலிலும் தஞ்சைக் கூட்டிலும் வாலுக்குப் பாரம் கொடுத்தது மேல்வரிசைச் சுவர்தான். கட்டி முடிக்கும்வரை அந்தப் பாரம் இல்லை, ஆகவே பாதிக் கட்டடத்தில் நீட்டலைக் குறைத்தே வைத்தாக வேண்டும். அடுக்குவது தரையில் இருக்கட்டும், மேசையில் வேண்டாம். கால்விரல் போய்விடும்.